நான்காம் வண்டியில் மூன்று பேர்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது நீ மூன்று தடவை விடைபெற்றாய். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "அம்மா, போயிட்டு வர்றேன்" என்றாய். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் தலையை நீட்டி இன்னொரு தடவை சொன்னாய். கீழே வண்டியை எடுக்கும்போது "கிளம்பிட்டேன்மா, சொல்லிட்டேன்" என்று போனில் செய்தி அனுப்பினாய். அஜ்மானிலிருந்து துபாயில் இருக்கும் உன் அறைக்கு, நெரிசல் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரம். அதற்கு மூன்று விடைபெறல். உன் அப்பா வழக்கம்போலச் சிரித்தார். "நிலாவுக்குப் போறவன்கூட ஒரு தடவைதான்டி சொல்லுவான்" என்றார். உன் தோழிகளும் இதைச் சொல்லிக் கேலி செய்வதாக நீயே சொல்லியிருக்கிறாய். நான் மட்டும் சிரிப்பதில்லை என்பதை நீ கவனித்தாயா என்று தெரியாது. அந்தப் பழக்கம் உனக்கு எந்த ஊரில், எந்த நாளில், யாரால் வந்தது என்று எனக்குத் தெரியும். பதினான்கு வருடங்களாகத் தெரியும்.

அன்று மதியம் சாப்பிடும்போது உன் மலையேற்றக் குழுவைப் பற்றிச் சொன்னாய். பெருநாள் விடுமுறைக்கு ஜார்ஜியா போகிறீர்கள். மலையில் புதுப் பனி விழுந்திருக்கிறது. வழக்கமாக அழைத்துப் போகிறவர் ராஸ் அல் கைமா பாறையில் கணுக்கால் பிசகிப் படுத்துவிட்டார். குழுவில் பதினோரு பேரும் உன்னையே தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். புதன்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும், முடியாது என்று சொல்லப் போகிறாய். ஏன் என்று அப்பா கேட்டார். மோர்க்குழம்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாய்: "நானாப்பா? பத்து வயசுல பனியில சொல்லாமக் கொள்ளாமப் போய் எல்லாரையும் அலைய விட்டவ நான். என்னை நம்பிப் பதினோரு பேரா? சீரியஸா, எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அப்பாவும் சிரித்தார். நான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். முடியவில்லை. நேருக்கு நேர் பேசும்போது பாதி வாக்கியத்தில் எழுந்து சமையலறைக்குப் போய்விடுகிறவள் நான், உனக்குத் தெரியும். எழுதினால்தான் வாக்கியம் முடியும்வரை உட்கார்ந்திருப்பேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய். அதனாலேயே தமிழில் எழுதுகிறேன். இது மெதுவாக வாசிக்க வேண்டியது. பெற்றோர் பிள்ளைகளுக்கு எழுதும் கடிதங்களை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். தவறுகளைச் சொல்வதுபோல ஆரம்பித்து, கடைசிப் பக்கத்துக்குள் தங்களைக் கொஞ்சம் நல்லவர்களாக்கிக்கொண்டு முடிப்பார்கள். நானும் அப்படி முடிக்கிறேனா என்று நீயே பார்த்துக்கொள்.

ஜுபைல் உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது? கடலும் தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் ஒரே பார்வையில் தெரியும் அந்த மூன்றாம் மாடி வீடு. காற்று திரும்பினால் கந்தக வாடை வரும். ஓடிப்போய் ஜன்னலை மூடுவது உன் வேலை. அப்பாவுக்குப் பகல் ஷிஃப்ட் ஒரு வாரம், இரவு ஷிஃப்ட் ஒரு வாரம். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. முடித்த நான், வேலை இல்லாமல், உன் பள்ளி நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கசப்பாக இருந்திருக்க வேண்டும். ஆனால் இப்போது திரும்பிப் பார்த்தால் அந்த வருடங்கள்தான் வெளிச்சமாகத் தெரிகின்றன. குளிர்காலத்தில் வியாழக்கிழமை மாலை நம்மோடு சேர்த்து நாலு தமிழ்க் குடும்பங்கள் கடற்கரையில் பாய் விரித்து உட்காருவோம். அப்போது சவூதியில் வியாழன், வெள்ளிதான் வார விடுமுறை. மும்தாஜ் லாத்தா கீழக்கரைக் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து வட்டலாப்பம் செய்து கொண்டுவருவார். லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா. நாங்கள் எல்லோரும் அப்படியே கூப்பிடப் பழகியிருந்தோம். அவர் மகள் நிலோஃபரும் நீயும் ஒரே வகுப்பு, ஒரே பென்சில் பெட்டி. ராஜன் அண்ணன், உனக்கு ராஜன் மாமா, ஃபிளாஸ்கைத் திறந்து பாலில்லாத சுலைமானித் தேநீரை ஊற்றிக்கொண்டே, "என்னவே, இந்த லீவுக்காவது எங்கயாவது போவமா, இல்ல இந்தக் கடலையே பாத்துட்டு இருப்பமா?" என்று உன் அப்பாவைக் கேட்பார்.

அவர்தான் அந்தப் பயணத்துக்கு வித்து. தூத்துக்குடிக்காரர், ஆலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். தபூக் பக்கம் ஜபல் அல்லவ்ஸ் என்ற மலையில் பனி விழுகிறது என்று யாரோ எடுத்த படத்தைக் காட்டினார். சவூதியில் பனியா என்று நான் நம்பவில்லை. உப்பாக இருக்கும் என்றேன். உன் பள்ளிக்கு விடுமுறை. ஆண்கள் வியாழன், வெள்ளியோடு மூன்று நாள் லீவைச் சேர்த்துக்கொண்டார்கள். நாலு வண்டி, பத்தொன்பது பேர், ஒரு வழிக்கே இரண்டு பகல் ஓட்டம். நம்முடையது நான்காம் வண்டி, அதில் நாம் மூன்று பேர். எலுமிச்சைச் சோறு, சப்பாத்திச் சுருள், ஒரு பெட்டி பேரீச்சம்பழம், பழைய துணிச் சந்தையில் வாங்கிய கோட்டுகள். உன் கோட்டு நீலம், கையுறை சிவப்பு. ஆண்கள் பனிக்கு ஏற்ற காலணி எது என்று விவாதித்து, ஆலையில் கொடுத்த சேஃப்டி ஷூவைவிட உறுதியானது உலகத்தில் இல்லை என்று முடிவு செய்தார்கள். விரல்களைக் காக்க முன்னால் இரும்புத் தொப்பி வைத்த ஷூ. எனக்கும் உன் அப்பாவின் பழைய ஜோடி ஒன்று. பனியில் அந்த இரும்பு என்ன செய்யும் என்று வெல்டிங் பட்டறையிலும் உலைப் பக்கத்திலும் நிற்கிறவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

வண்டிகளுக்குள் பேசிக்கொள்ள, பொம்மைக் கடையில் வாங்கிய வாக்கி டாக்கி. உனக்கு அந்தக் குரல்கள் நினைவிருக்கும். "ரெண்டாம் வண்டி, வாரீகளா தூங்குதீகளா? ஓவர்." லாத்தாவின் குரல் பதில் சொல்லும்: "தூங்குறது உங்க மச்சான்தான், நான்தான் கிள்ளிக் கிள்ளி எழுப்பி வர்றேன், ஓவர்." ராஜன் அண்ணன் ஆலையின் வழக்கத்தை அப்படியே பயணத்துக்குக் கொண்டுவந்திருந்தார். ஆலையில் சைரன் ஊதினால் எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பொறுப்பாளர் தன் ஆட்களை எண்ணி ரேடியோவில் சொல்வார். எண்ணிக்கை கூடி வந்தால்தான் உள்ளே யாரும் இல்லை என்று அர்த்தம். அதேபோல இங்கே ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பொறுப்பாளர். ஆண்கள் ஓட்டுவதால் முன் சீட்டில் இருக்கும் பெண்கள் எண்ண வேண்டும். எந்த வண்டியில் ஜுபைலைவிட்டுக் கிளம்பினீர்களோ அந்த வண்டிதான் உங்களை எண்ணும், நடுவில் இடம் மாறி உட்கார்ந்தாலும் கணக்கு மாறாது என்பது விதி. பிள்ளைகள் வண்டிக்கு வண்டி தாவுவார்கள் என்பதால் அவர் போட்ட விதி. ஹாயில் நகரைத் தாண்டியதும் நீ நிலோஃபரோடு இரண்டாம் வண்டிக்குத் தாவிவிட்டாய். பின் சீட்டில் நீ இல்லாமலேயே, ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் சொன்னேன்: "நாலாம் வண்டி. மூணு பேர், ஓகே."

மூன்றாம் நாள் காலை மலைக்கு வந்தோம். நான் நம்பாத பனி உண்மையாகவே இருந்தது. செம்மண் நிறப் பாறைகளின் மேல், முந்தின நாள் விழுந்த பனி, யார் காலும் படாமல். வண்டிகளை நிறுத்தியதும் பத்தொன்பது பேரும் கதவுகளைத் திறந்துபோட்டுவிட்டு இறங்கினோம். பிறகு லாத்தாவின் வீட்டுக்காரர், பெரிய கடைக்காரர், ஐம்பது வயது மனிதர், குப்புற விழுந்து புரண்டார். உன் அப்பா ஒரு தம்ளரில் பனியை அள்ளி, நன்னாரி சர்பத்தை ஊற்றி உனக்குத் தந்தார். நீயும் நிலோஃபரும் ஒரே கரண்டியால் மாற்றி மாற்றித் தின்றீர்கள். அந்தத் தம்ளர் இன்னும் நம் வீட்டில் இருக்கிறது. மலை நமக்கு எதையோ கற்றுத்தருகிறது என்று பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. ஆனால் அந்தக் காலையில் இருந்ததைப்போல உன் அப்பாவை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அதற்காகவே அந்த நாளை வெறுக்க என்னால் முடிவதில்லை.

உச்சிக்கு அல்ல, அதற்குக் கீழே தெரிந்த ஒரு முகடு வரை ஏறுவது திட்டம். ராஜன் அண்ணன் முன்னால் நடந்து கயிற்றைப் பாறையில் கட்டுவார். நாங்கள் பிடித்துக்கொண்டு ஏறுவோம். வழி தெரியாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்டார். "நின்ன எடத்துலயே நிக்கணும்" என்று கத்தினீர்கள். ஒரு பெரிய பாறையின் மறைவில் உட்கார்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டோம். நீ கேமராவைக் கழற்றிப் பாறை மேல் வைத்தாய். அப்பா உன் பத்தாவது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த கேமரா. அங்கிருந்து இன்னும் சற்றுத் தூரம் ஏறியபோது காற்று மாறியது. வானம் தாழ்ந்து வந்ததுபோல இருந்தது. எனக்குக் கால்விரல்கள் இருப்பதே தெரியவில்லை. அந்த இரும்புத் தொப்பி குளிரை உறிஞ்சி உள்ளே வைத்துக்கொண்டிருந்தது. இறங்கிவிடலாம் என்று உன் அப்பா சொன்னார். ராஜன் அண்ணன் விடவில்லை. "இன்னும் அரை மணி நேரந்தான். இந்த லீவை விட்டா இனிமே எந்தக் காலத்துல கிடைக்கும்? பிளான்ட்ல அடுத்த ஷட்டவுன் வேற வருது, அப்ப ஒருத்தருக்கும் லீவு கிடையாது." "காத்தைப் பாருங்கண்ணே." "பாத்துட்டுத்தான் சொல்லுதேன்." இரண்டு பேரும் குரலை உயர்த்தினார்கள். உன் அப்பா ஜெயிக்க வேண்டும் என்று நான் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது யாரோ என் கோட்டின் கையைப் பிடித்து இழுத்தார்கள். சிவப்புக் கையுறை. "அம்மா, சாப்பிட்ட எடத்துல கேமராவ வெச்சிட்டேன். நிலோ கீழ போறா. நான் அந்தப் பாறைகிட்ட போய் எடுத்துட்டு வந்துடறேன்மா." நான் "ம்" என்றேன். திரும்பவில்லை. உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டேன். கேட்டதால்தான் இப்போது ஒரு சொல் மாறாமல் எழுத முடிகிறது.

அடுத்த நிமிடமே பனி விழத் தொடங்கியது. இப்போது ராஜன் அண்ணனே "யல்லா, எல்லாரும் எறங்குங்க" என்று கத்தினார். ஏறி வந்த வழியை விட்டுவிட்டு, சாப்பிட்ட பாறைப் பக்கமே வராமல், நேர்ச் சரிவில் இறங்கிப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் வண்டிகளுக்கு வந்துவிட்டோம். சாலை மூடிக்கொள்ளும் என்ற பயத்தில் என்ஜின்கள் உறுமிக்கொண்டிருந்தன. நான் ஷூவைக் கழற்றி விரல்களைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "பாப்பா?" என்று உன் அப்பா கேட்டார். "லாத்தா வண்டில" என்றேன். வாக்கி டாக்கி கரகரத்தது. ஒன்றாம் வண்டி, ஆறு. லாத்தா தன்னுடைய ஐந்து பேரைச் சொன்னார். மூன்றாம் வண்டி, ஐந்து. என் முறை வந்தது. "நாலாம் வண்டி. மூணு பேர், ஓகே." ராஜன் அண்ணன் கூட்டிப் பார்த்தார். பத்தொன்பது. கணக்கு சரி. கிளம்பினோம். லாத்தா பிறகு என்னிடம் சொன்னார்: நீ தன் வண்டியில் இல்லாததைப் பார்த்ததாகவும், நான் மூணு என்று சொன்னதைக் கேட்டு, நீ என் மடியில் இருக்கிறாய் என்று நிம்மதியானதாகவும். சரியான கூட்டுத்தொகை தவறான எண்களிலிருந்தும் வரும் என்று இங்கே அஜ்மானில் வருடாவருடம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சொல்கிறேன்.

இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பெட்ரோல் நிலையத்தில்தான் தெரிந்தது. நிலோஃபர் எங்கள் வண்டி ஜன்னலில் மூக்கை அழுத்தி உள்ளே பார்த்தாள். "ஆன்ட்டி, அவ எங்கே?" அந்தத் திரும்பும் வழியை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீ எனக்காக இரக்கப்படுவாய். இது அதற்கான கடிதம் இல்லை. உன் அப்பா, ராஜன் அண்ணன், நான், மூன்று பேர் மேலே ஏறினோம். தடங்கள் எல்லாம் மூடியிருந்தன. சாப்பிட்ட பாறையின் மறைவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கேமராவைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்தாய். உதடு கறுத்திருந்தது. பக்கத்தில் இரண்டு பேரீச்சங்கொட்டைகளை வரிசையாக வைத்திருந்தாய். அழவில்லை. உன் அப்பாதான் அழுதார். "ஏன்டா கீழ வரல?" என்று கேட்டார். "தடம் மூடிருச்சுப்பா. வழி தெரியலைன்னா நின்ன எடத்துலயே நிக்கணும்னு மாமா சொன்னாங்கல்ல. அம்மாகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன். அம்மாவுக்குத் தெரியும், வருவாங்கன்னு உக்காந்திருந்தேன்."

உன் அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன்கிட்ட சொன்னாளா?" மறந்திருந்தேன் என்று எழுதினால் சுலபமாக இருக்கும். அந்த நொடியில் அந்தச் சிவப்புக் கையுறை எனக்குத் தெளிவாக நினைவுக்கு வந்துவிட்டது. ராஜன் அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ரேடியோவில் மூணு என்று சொன்ன வாய் இது. "இல்லையே" என்றேன். "என்கிட்ட எதுவும் சொல்லலையே."

நீ என்னைப் பார்த்தாய். கோபம் இல்லை. கணக்கில் விடை ஏன் தப்பாக வருகிறது என்று தெரியாதபோது நோட்டைப் பார்ப்பாயே, அப்படி.

மறுநாள் தபூக்கில் தங்கியிருந்த இடத்தின் கூடத்தில் ராஜன் அண்ணன் எல்லோரையும் உட்கார வைத்தார். ஆலையில் தினமும் காலையில் வேலைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று பேசும் வழக்கம் உண்டு. முந்தின நாள் ஏதாவது ஆபத்திலிருந்து நூலிழையில் தப்பியிருந்தால், தவறு செய்தவர் எல்லோர் முன்னாலும் அதைச் சொல்ல வேண்டும். திட்டுவதற்காக இல்லை, அடுத்தவர் அதையே செய்யாமல் இருக்க. நல்ல வழக்கம்தான். அதனால் காப்பாற்றப்பட்டவர்கள் இருப்பார்கள். அவர் உன்னை முன்னால் கூப்பிட்டார். "பாப்பா, ஒன்னைய யாரும் ஏச மாட்டோம். நடந்ததைச் சொல்லு. அங்கல்லாம் பெரிய பெரிய இன்ஜினியரே வந்து நின்னு சொல்லுதாக." நீ நீலக் கோட்டோடு எழுந்து நின்றாய். "நான் அம்மாகிட்ட…" என்று ஆரம்பித்தாய். என்னைப் பார்த்தாய். நான் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைப் பார்த்தேன். நீ மறுபடி தொடங்கினாய்: "நான் யார்கிட்டயும் சொல்லாமப் போனேன். தப்பு. இனிமே சொல்லிட்டுத்தான் போவேன்." எல்லோரும் கைதட்டினார்கள். ராஜன் அண்ணன் சாக்லெட் கொடுத்தார். பிறகு உன் அப்பா உன் கையைப் பிடித்து ஒவ்வொரு வண்டிக்காரர்களிடமும் அழைத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தார். புறப்படும் முன் லாத்தா என்னைத் தனியே பிடித்து, "அந்தப் புள்ள பொய் சொல்ற புள்ள இல்லையேம்மா" என்றார். "பயத்துல சொல்லியிருப்பா லாத்தா" என்றேன். முதல் பொய்யாவது திடுக்கிட்டுச் சொன்னது. இது யோசித்துச் சொன்னது.

அதற்குப் பிறகு அது குடும்பக் கதையாகிவிட்டது. ஊருக்குப் போனால் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள்: "இவதானே பனியில தொலைஞ்சவ." முதல் இரண்டு வருடம் நீ "நான் சொன்னேன்" என்று முணுமுணுப்பாய். பிறகு நிறுத்திவிட்டாய். உனக்குப் பதினாறு வயது இருக்கும்போது, நாம் அஜ்மானுக்கு வந்த பிறகு, ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே நீயாகவே சொன்னாய்: "சொன்னேன்னு நானா நெனச்சுக்கிட்டேன் போலம்மா. சின்னப் புள்ளைல்ல, மனசுக்குள்ள சொல்லிருப்பேன்." உனக்கு அது ஒரு சமாதானம். எனக்கு அப்போதுதான் புரிந்தது: உன் நினைவையே நீ சந்தேகிக்க ஆரம்பித்திருந்தாய். அதைத் தடுக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். நான் தலையணை உறையை நாலாக மடித்தேன். எதையும் ஆதாரமில்லாமல் நம்பாதே என்று உன்னை வளர்த்தவள் நான். உன்னிடம் இருந்த ஒரே சாட்சி நானாக இருந்தேன். அந்தச் சாட்சியே பொய்த்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் சொன்னேன். பால்கனியில் துளசித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டே ஊற்றினார். தொட்டி நிரம்பி வழிந்தது. "அவளை ஒவ்வொருத்தர்கிட்டயும் கூட்டிட்டுப் போய் சாரி சொல்ல வெச்சேனே" என்றார். அவ்வளவுதான். டீ குடிக்காமல் நடக்கப் போய்விட்டார். திரும்பி வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "எழுது" என்றார். "எழுதி எல்லாருக்கும் அனுப்பு. அவளைப் பதினெட்டுப் பேர் முன்னாடி நிக்க வெச்சோம்." அதனால்தான் இதை உறையில் போட்டு உனக்கு மட்டும் அனுப்பவில்லை. நான் என்னைப் பற்றி நாலு பேரிடம் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். அந்த நாலு வண்டிக்காரர்கள் இப்போது எங்கெங்கோ இருக்கிறார்கள். ராஜன் அண்ணன் குவைத்தில் ஃபஹாஹீலில், லாத்தா ஊரோடு போய்விட்டார். ஆனால் போனில் அந்தக் குழு இன்னும் உயிரோடு இருக்கிறது. தினமும் காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வருகின்றன. நாளைக் காலை ரோஜாப்பூவுக்குப் பதில் இது போகும். அதற்கப்பால் யார் படித்தாலும் படிக்கட்டும்.

மலையைப் பற்றி உனக்கு நான் சொல்ல எதுவும் இல்லை. என் இரண்டு கால் சுண்டுவிரல்களும் குளிர்காலத்தில் இன்னும் மரத்துப்போகும் என்பதுதான் என் மொத்த மலையேற்ற அனுபவம். ஆனால் எண்ணுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம். வண்டிவாரியாக, அறைவாரியாக எண்ணாதே. இன்னொருவர் எண்ணிச் சொன்னதைக் கூட்டாதே. எத்தனை முகம் இருக்கிறதோ அத்தனையையும் நீயே பார். "லீவு மறுபடி கிடைக்காது" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே திரும்பு. வளைகுடாவில் இருக்கிற நமக்கு அந்த ஒரு காரணம் காற்றையும் பனியையும்விடப் பெரிதாகத் தெரியும். இரண்டு பேர் உரக்கப் பேசிக்கொண்டிருக்கும்போது யாராவது உன் கோட்டுக் கையை இழுத்தால், அந்த உரத்த பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பு. இதையெல்லாம் உனக்கு எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. நீ ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறாய். உன் குழுவில் யாராவது தண்ணீர் குடிக்க ஒதுங்கினாலும் நீ நின்றுவிடுவாய், அவர்கள் பேரைத் திருப்பிச் சொல்லி, கண்ணைப் பார்த்துப் பதில் சொல்வாய் என்று உன் தோழி ஒருத்தி எங்கள் வீட்டில் கேலியாகச் சொன்னாள். பதினோரு பேர் ஏன் உன்னைக் கேட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

தலைமை ஏற்பதும் ஏற்காததும் உன் விருப்பம். பயமாக இருந்தால் மறுத்துவிடு. வேலை இருந்தால் மறுத்துவிடு. ஆனால் சொல்லாமல் போனவள் என்ற காரணத்துக்காக மறுக்காதே. அந்தக் காரணத்தை உண்டாக்கியவள் நான். நீ பத்து வயதில், புதுப் பனியில், செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தாய். சொல்லிவிட்டுப் போனாய். வழி மூடியதும் நின்ற இடத்திலேயே நின்றாய். சூடு போகாமல் உட்கார்ந்தாய். கையில் இருந்த இரண்டு பழத்தையும் இடைவெளி விட்டுத் தின்றாய். அந்த மலையில் அன்று தவறு செய்யாத ஒரே ஆள் நீதான். மன்னிப்பாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் உடனே "விடும்மா" என்பாய், உன்னை எனக்குத் தெரியும். அவசரப்படாதே. கோபப்பட உனக்குப் பதினான்கு வருடம் மிச்சம் இருக்கிறது.

புதன்கிழமை சாப்பிட வருவாய் அல்லவா? பையைக் கட்டிக்கொண்டு வந்தாலும் சரி, கட்டாமல் வந்தாலும் சரி. கிளம்பும்போது வாசலில் ஒரே ஒரு தடவை சொல். லிஃப்டிலிருந்து தலையை நீட்ட வேண்டாம், கீழேயிருந்து செய்தி அனுப்ப வேண்டாம். நான் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்து, உன் முகத்தைப் பார்த்து, "சரி பாப்பா, போயிட்டு வா" என்று முழுதாகச் சொல்வேன்.